திரும்பத் திரும்ப அதே கேள்வி – கடிதமும் பதிலும்

வணக்கம்.

என் மகனுக்கு 16 வயது. சில மாதங்களாக அவன் பழைய பிள்ளையாக இல்லை. தங்கையைக் கத்தியால் குத்திவிடுவேனோ என்ற எண்ணம் வந்துகொண்டே இருக்கிறது என்று ஒருநாள் அழுதுகொண்டே சொன்னான். அவள்மேல் உயிரையே வைத்திருப்பவன், இப்போது அவள் இருக்கும் அறைக்கே வருவதில்லை. “நான் அப்படிச் செய்துவிட மாட்டேன்தானே அம்மா?” என்று நாள் முழுக்கக் கேட்கிறான். “மாட்டாய்” என்றால் ஐந்து நிமிடம் நிம்மதி. அப்புறம் மறுபடியும் அதே கேள்வி. அவன் கேட்டுக்கொண்டதால் கத்திகளை எல்லாம் பூட்டி வைத்திருக்கிறேன். மனநல மருத்துவர் அவனோடு நெடுநேரம் பேசிவிட்டு ஓசிடி என்றார். வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அந்தப் பயத்தைத் தணிக்க ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோயாம். உளவியல் சிகிச்சையோடு செர்ட்ரலின் மாத்திரையும் தொடங்கலாம் என்கிறார். வளரும் பிள்ளைக்கு மூளை மருந்தா, பழகிப்போனால் என்ன ஆகும் என்று கணவர் மறுக்கிறார். இந்த மாத்திரையால் தற்கொலை எண்ணம் வரலாம் என்று நானும் எங்கோ படித்தேன். என்ன செய்வதென்றே தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுத்தான் உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்த முடிவை எடுக்க உங்களுக்கு உதவக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மகன் உங்களிடம் சொல்லிவிட்டான். இத்தகைய எண்ணங்களை யாரிடமும் சொல்லாமல், தான் ஒரு கொடியவன் என்று நம்பிக்கொண்டு வருடக்கணக்கில் தவிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். சொல்ல முடிகிற இடமாக நீங்கள் இருந்திருக்கிறீர்கள்.

அந்த எண்ணத்தைக் கண்டு நீங்களும் பயந்துபோயிருப்பது கடிதத்தில் தெரிகிறது. ராக்மன், டி சில்வா என்ற இரண்டு ஆய்வாளர்கள் எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் விசாரித்து 1978-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வன்முறையான, அருவருப்பான எண்ணங்கள் அவர்களில் பெரும்பாலோருக்கும் வந்துபோயிருந்தன. நோயாளிகளின் எண்ணங்களுக்கும் அவற்றுக்கும் உள்ளடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மற்றவர்கள் “சீ, என்ன இது” என்று விட்டுவிடுகிறார்கள். ஓசிடி உள்ளவரால் விட முடிவதில்லை. “இப்படி நினைக்கிறேன் என்றால் நான் யார்?” என்று மாட்டிக்கொள்கிறார். தங்கைமேல் அவ்வளவு பாசம் இருப்பதால்தான் நோய் அந்த இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கும். கிருமி பயத்தில் திரும்பத் திரும்பக் கை கழுவுபவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் மகனுக்குக் கை கழுவுவது என்பது அந்தக் கேள்விதான். “மாட்டாய்” என்ற உங்கள் பதில் பயத்தைச் சற்று நேரம் இறக்கிவைக்கிறது. அடுத்த முறை பயம் ஏறும்போது அந்தப் பதில் இல்லாமல் அவனால் இருக்க முடியாமல் போகிறது. பூட்டிய கத்திகளும் அதையேதான் செய்கின்றன, அம்மாவுக்கும் என்மேல் சந்தேகம் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்கின்றன. எந்தத் தாயும் இதைத்தான் செய்திருப்பார். ஆனாலும் நோய் வளர்வது இந்த வழியாகத்தான்.

அதற்காக நாளைக்கே பதில் சொல்வதை நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சையாளரோடும் மகனோடும் உட்கார்ந்து, அவன் சம்மதத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். “இது ஓசிடி கேட்கிற கேள்வி. இதற்குப் பதில் சொல்வதில்லை என்று நாம் பேசி வைத்திருக்கிறோம். உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று தெரியும், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்” என்பதுபோல உங்கள் வீட்டுப் பேச்சில் ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவனுக்குப் பதற்றம் கூடும், கோபப்படுவான். அப்போது உங்கள் குரல் மாறாமல் இருந்தால் போதும்.

சிகிச்சையின் அடிப்படையும் இதுவே. பயத்தைத் தூண்டுவதைப் படிப்படியாக எதிர்கொள்வது, அப்போது கை கழுவுவது, கேள்வி கேட்பது போன்ற வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருந்து பழகுவது. ஓசிடிக்கான இந்தப் பயிற்சி உண்டா என்று சிகிச்சையாளரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். வெறும் ஆறுதல் பேச்சு இந்த நோய்க்கு உதவாது, சில நேரம் அதுவே இன்னொரு “மாட்டாய்” ஆகிவிடும்.

சரி, மாத்திரை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் ஓசிடி உள்ள 7 முதல் 17 வயது வரையான 112 பேரை நான்கு குழுவாகப் பிரித்து 12 வாரம் சிகிச்சை தந்தார்கள். நோய் ஏறக்குறைய விலகிய நிலையை எட்டியவர்கள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்ற குழுவில் 100-க்கு 4 பேர், செர்ட்ரலின் மட்டும் பெற்ற குழுவில் 21 பேர், உளவியல் சிகிச்சை மட்டும் பெற்றதில் 39 பேர், இரண்டும் பெற்றதில் 54 பேர். மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது சரியான வழி இல்லை என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மருத்துவர் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார். நோய் லேசாக இருந்தால் உளவியல் சிகிச்சையை மட்டும் முதலில் முயல்வதும் உண்டு. பயம் அவனைப் பயிற்சிக்கே உட்கார விடாத அளவுக்கு இருந்தால், உட்கார வைக்க மாத்திரை உதவும்.

உங்கள் கணவரின் கவலை நியாயமானது. போதைப்பொருள்போல ஏங்க வைக்கும் மருந்து இல்லை இது. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கோளாறு வரலாம் என்பதால் மருத்துவர் சொல்கிறபடி மெதுவாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஓசிடிக்கு முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். மூன்றாவது வாரத்தில் “ஒன்றும் வேலை செய்யவில்லை” என்று கைவிட்டுவிடக் கூடாது.

தற்கொலை எண்ணம் பற்றி நீங்கள் படித்ததில் உண்மை உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் இந்த எச்சரிக்கையை அறிவித்தது. செர்ட்ரலின் உள்ளிட்ட மனச்சோர்வு மருந்துகளை வைத்துச் சிறார்களிடம் நடந்த பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 2 பேருக்கும் மருந்து எடுத்தவர்களில் 4 பேருக்கும் அத்தகைய எண்ணமோ நடத்தையோ இருந்தது. அந்தப் பரிசோதனைகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை. தொடக்க வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் கூடுதல் கவனம் தேவை. ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, தூக்கமின்மை, வழக்கமில்லாத கோபம் அல்லது உற்சாகம் தெரிந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று அவனிடம் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கணவரையும் கூட்டிப்போங்கள், அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும். மகனுக்கு மருத்துவரோடு தனியாகப் பேச நேரம் கொடுங்கள். சத்து மாத்திரை என்று பொய் சொல்லிக் கொடுக்க வேண்டாம். 16 வயதுப் பிள்ளை, முடிவில் அவனுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் மகள் இதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. அண்ணன் ஏன் தன்னைக் கண்டதும் எழுந்து போகிறான் என்று அவளுக்குத் தெரியாது, தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். எவ்வளவு சொல்லலாம் என்று அவனையே கேளுங்கள். எண்ணம் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனுக்குத் தேவையில்லாமல் பயம் கிளப்புகிற ஒரு நோய் வந்திருக்கிறது, அதற்குச் சிகிச்சை நடக்கிறது, உன்மேல் அவனுக்கு எந்தக் கோபமும் இல்லை என்ற அளவுக்கு அவளுக்குத் தெரியட்டும்.