எம்.எல்.ஏ. படுக்கையில், லெட்டர்பேடு மட்டும் நடமாட்டத்தில்

கேள்வி: எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். பேச்சும் சரியாக வரவில்லை என்கிறார்கள். எங்கள் ஊர் ரேஷன் கடைக்குத் தொகுதி நிதியில் சொந்தக் கட்டிடம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். அறுபது நாள் சட்டசபைக்குப் போகாவிட்டால் பதவி போய்விடும், ஆறு மாதத்தில் இடைத்தேர்தல் வரும் என்று ஊரில் பேச்சு. உண்மையா? சபையில் அவருடைய ஓட்டை யார் போடுவார்? இதற்கிடையில் அவர் ஆபீசில் பழக்கமுள்ள ஒருவர், எம்.எல்.ஏ. கையெழுத்தோடு சிபாரிசுக் கடிதம் வாங்கித் தருகிறேன், 15,000 ரூபாய் ஆகும் என்கிறார். தரலாமா? (டெல்டா மாவட்ட வாசகர்)

பதில்: தராதீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மற்றவற்றுக்கு நான் என்ன விளக்கம் சொன்னாலும், இதை வாசித்து முடிப்பதற்குள் அந்த மனிதர் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார். ஏழு மாதமாகப் பேனா பிடிக்க முடியாதவர் நேற்றுத் தேதி போட்டு எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஐயா நல்லா இருந்தப்பவே போட்டு வெச்சது" என்பார். அந்தப் பதிலே போதும். வெற்று லெட்டர்பேடில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, ஆள் படுத்த பிறகு ஊருக்கு ஒன்றாக விற்கிறார்கள். இந்த வியாபாரத்தில் கட்சி பேதம் கிடையாது.

சரி, பதவி விஷயத்துக்கு வருவோம். உடம்பு சரியில்லை என்பதற்காக எந்த எம்.எல்.ஏ.வின் பதவியும் போகாது. அரசமைப்புச் சட்டத்தின் 191வது பிரிவு தகுதியிழப்புக் காரணங்களைச் சொல்கிறது. அதில் நோய் இல்லை. மனநிலை பிறழ்ந்தவர் என்பது இருக்கிறது, ஆனால் அதையும் உரிய நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதாது, எதிர்க்கட்சிக்காரர் மேடையில் சொன்னாலும் போதாது. பேச்சு வராதது, நடக்க முடியாதது, ஆள் அடையாளம் தெரியாதது எதுவும் அந்தக் கணக்கில் சேராது.

அந்த அறுபது நாள் கணக்கைத்தான் ஊரில் எல்லோரும் தப்பாகப் போடுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். 190வது பிரிவின் 4வது உட்பிரிவு சொல்வது இது: சபையின் அனுமதி இல்லாமல், அறுபது நாள் காலத்துக்கு, எல்லாக் கூட்டங்களுக்கும் ஒருவர் வராமல் இருந்தால், அவருடைய இடம் காலி என்று சபை அறிவிக்கலாம். அறிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. "அனுமதி இல்லாமல்" என்பதால், சிகிச்சையில் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து சபை ஒப்புக்கொண்டால் பேச்சே முடிந்தது. "எல்லாக் கூட்டங்களுக்கும்" என்பதால், நடுவில் ஒரே ஒரு நாள் சக்கர நாற்காலியில் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இன்னொன்றும் உண்டு. கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்ட காலமும், தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் சபை ஒத்திவைக்கப்பட்ட காலமும் அறுபதில் சேராது. சனி, ஞாயிறு மாதிரி சின்ன இடைவெளிகள் சேரும். பட்ஜெட் வாசித்துவிட்டுப் பத்து நாள் கழித்துக் கூடுவோம் என்று கலைந்தால், அந்தப் பத்து நாள் சேராது. ஆக, உங்கள் எம்.எல்.ஏ. காலண்டரில் ஏழு மாதம் வரவில்லை என்றாலும், சட்டத்தின் கணக்கில் அது முப்பது நாளாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம்.

நம்பிக்கை வரவில்லையா? நாடாளுமன்றத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கேயும் 101வது பிரிவில் இதே விதிதான். பஞ்சாபின் கதூர் சாகிப் எம்.பி. அம்ரித்பால் சிங் விஷயத்தில் காரணம் நோய் இல்லை, சிறை. ஆனால் கணக்குப் போடும் விதம் ஒன்றுதான். 2024 ஜூன் 24 முதல் ஜூலை 2 வரை 9 நாள், ஜூலை 22 முதல் ஆகஸ்ட் 9 வரை 19 நாள், நவம்பர் 25 முதல் டிசம்பர் 20 வரை 26 நாள். அரை வருடத்தில் மூன்று கூட்டத்தொடர், மொத்தம் 54 நாள். அறுபதைத் தொடவில்லை. அந்த 54 நாளுக்கும் 2025 மார்ச்சில் மக்களவை விடுப்பு கொடுத்துவிட்டது. நாடாளுமன்றத்திலேயே இப்படி என்றால், அதைவிடக் குறைவாகக் கூடும் நம் சட்டசபையில் அறுபது நாள் சேருவதற்கு எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்க குமாஸ்தா நாலு நாள் காய்ச்சலில் படுத்தால் மருத்துவச் சான்று வைக்க வேண்டும். எம்.எல்.ஏ. ஏழு மாதம் படுத்தாலும் தொகுதி மக்களுக்கு ஒரு வரித் தகவல் சொல்லவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. இதைப் பற்றி எழுதிப் பேசி எனக்கும் அலுத்துவிட்டது.

கோமாவில் இருப்பவர்களுக்கு உயர் நீதிமன்றம் காப்பாளர் நியமிக்கிறதே, அது மாதிரி எம்.எல்.ஏ.வின் மகனையோ மனைவியையோ நியமிக்க முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். அந்தக் காப்பாளர் வங்கிக் கணக்கையும் சொத்தையும் பார்த்துக்கொள்ளத்தான். எம்.எல்.ஏ. பதவி யாருடைய சொத்தும் அல்ல. மகன் காரில் வந்து இறங்கி, "அப்பா சொல்லி அனுப்பினார்" என்று மனு வாங்கிக்கொண்டால் அது அவருடைய நல்ல மனசு. அந்த மனுவுக்கு அரசுக் கோப்பில் எண் விழாது.

அமைச்சர் விஷயம் வேறு. அமைச்சர் நோயில் விழுந்தால் அவர் வேலையை இன்னொருவரிடம் கொடுக்க வழி இருக்கிறது. 2016 செப்டம்பர் 22 அன்று ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்ந்தார். அக்டோபர் 11 அன்று, 166வது பிரிவின் 3வது உட்பிரிவைக் காட்டி, அவர் வகித்த துறைகளை ஓ. பன்னீர்செல்வத்திடம் ஆளுநர் ஒப்படைத்தார். முதல்வராக ஜெயலலிதாவே நீடித்தார். மத்தியில் முரசொலி மாறனை, உடல்நலம் குன்றிய பிறகு, இலாகா இல்லாத அமைச்சராகவே வைத்திருந்தார்கள். இப்படி ஒரு ஏற்பாடு சாதாரண எம்.எல்.ஏ.வுக்குக் கிடையாது. பொறுப்பு அமைச்சர் உண்டு, பொறுப்பு எம்.எல்.ஏ. என்று ஒருவர் இல்லை.

கையெழுத்து எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கும் அதே 2016தான் சாட்சி. அந்த நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில், கட்சி வேட்பாளர் இவர்தான் என்று பொதுச்செயலாளர் கையெழுத்திட வேண்டிய படிவத்தில் ஜெயலலிதாவின் கைரேகை இருந்தது. அரசு மருத்துவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். திருப்பரங்குன்றத்தில் ஏ.கே. போஸ் ஜெயித்தார். எதிர்த்து நின்றவர் வழக்குப் போட்டார். அந்தத் தேர்தல் செல்லாது என்று 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் போஸ் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. முதல்வரின் கைரேகைக்கே, அரசு மருத்துவர் சாட்சி இருந்தும், அந்தக் கதி. உங்கள் தரகர் 15,000 ரூபாய்க்கு விற்கும் கையெழுத்துக்கு யார் சாட்சி?

சபையில் ஓட்டு விஷயம் சுலபம். அவருடைய ஓட்டை யாரும் போட முடியாது. தபால் ஓட்டு இல்லை, பதிலாள் ஓட்டும் இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் கணக்கு. 2023 ஆகஸ்டில் டெல்லி சேவைகள் மசோதாவுக்கு ஓட்டுப் போட 90 வயதில் மன்மோகன் சிங் சக்கர நாற்காலியில் மாநிலங்களவைக்கு வந்தது இதனால்தான். அவர் கட்சி எதிர்த்த அந்த மசோதா 131க்கு 102 என்று நிறைவேறியது வேறு கதை.

அதற்காக, ஒருவர் படுத்துவிட்டால் ஆட்சி கவிழ்ந்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். 234 பேரில் 118 என்பது பத்திரிகைக் கணக்கு. சபையில் சாதாரணத் தீர்மானத்துக்கு, வந்திருந்து ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை ஓட்டில் ஜெயித்தது 122க்கு 11. மொத்தம் விழுந்த ஓட்டே 133தான். தி.மு.க.வினர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். கருணாநிதி உடல்நலக் குறைவால் அன்று வரவேயில்லை. தீர்மானம் நிறைவேறியது. கருணாநிதியும் 2018 ஆகஸ்ட் 7 அன்று இறக்கும்வரை திருவாரூர் எம்.எல்.ஏ.வாகவே இருந்தார்.

சின்ன சபை, மெலிசான பெரும்பான்மை என்றால்தான் நோய் ஆட்சியை ஆட்டிப் பார்க்கும். கோவா முதல்வர் மனோகர் பரிக்கர் கணையப் புற்றுநோயோடு, மூக்கில் குழாயோடு, 2019 ஜனவரி கடைசியில் வந்து பட்ஜெட் வாசித்தார். மார்ச் 17 அன்று இறந்தார். 40 பேர் சபையில் இரண்டு மரணம், இரண்டு ராஜினாமா போக மிஞ்சியது 36. மார்ச் 19 அதிகாலையில் பிரமோத் சாவந்த் பதவியேற்றார், மறுநாள் நம்பிக்கை ஓட்டில் 20க்கு 15 என்று தப்பினார். அந்த மாதிரி நெருக்கடியில் ஒரு படுக்கை நோயாளியின் ஓட்டுக்கு என்ன விலை என்று யோசித்துக்கொள்ளுங்கள். சபைக்கு வந்து இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவு வந்தும் வர முடியாதவர், கட்சியிடம் முன்கூட்டி அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் கட்சித் தாவல் சட்டத்தில் இழுத்துவிடுவார்கள்.

இடைத்தேர்தலுக்கான ஆறு மாதம், இடம் காலியான நாளிலிருந்துதான் எண்ணப்படும். நோய் வந்த நாளிலிருந்து அல்ல. உங்கள் தொகுதியில் இடம் காலியாகவே இல்லை. காலியானாலும் ஆறு மாதத்தில் நடந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். கருணாநிதி இறந்து காலியான திருவாரூருக்கு 2019 ஜனவரி 28 என்று தேதி குறித்தார்கள், கஜா புயல் நிவாரணத்தைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள், கடைசியில் ஏப்ரல் 18 அன்றுதான் ஓட்டுப் பதிவு. எட்டு மாதத்துக்கு மேல் அந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை. அங்கே யாருக்காவது பதில் சொன்னார்களா?

அப்புறம், உங்கள் ரேஷன் கடை. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அந்தப் பணம் எம்.எல்.ஏ. வீட்டுப் பீரோவில் இல்லை, கலெக்டர் நிர்வாகத்தில் இருக்கிறது. எம்.எல்.ஏ. பரிந்துரைக்க மட்டுமே செய்கிறார். அதன் பிறகு மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர், பணி உத்தரவு எல்லாம் அதிகாரிகள் வேலை. ஆகவே நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, அவர் படுக்கையில் விழுவதற்கு முன்பு உங்கள் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்தாரா, வாயால் மட்டும் சொன்னாரா என்பதைத்தான். நிர்வாக அனுமதி கிடைத்துவிட்டிருந்தால் அவருடைய உடல்நலத்துக்கும் கட்டிடத்துக்கும் சம்பந்தமே இல்லை. வேலை தொடங்கவில்லை என்றால் "எம்.எல்.ஏ.வுக்கு உடம்பு சரியில்லை" என்று ஒன்றிய அலுவலகத்தில் சொல்லும் சாக்கை ஏற்காதீர்கள்.

இதைத் தெரிந்துகொள்ள 15,000 வேண்டாம், 10 ரூபாய் போதும். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கேட்க வேண்டியது: இந்த நிதியாண்டில் எம்.எல்.ஏ. பரிந்துரைத்த பணிகளின் பட்டியல், ஒவ்வொரு பரிந்துரைக் கடிதத்தின் தேதி, நிர்வாக அனுமதியின் எண், தேதி. முப்பது நாளில் பதில் வரவேண்டும். எம்.எல்.ஏ.வுக்கு என்ன நோய், எப்போது குணமாகும் என்றெல்லாம் அதே மனுவில் சேர்க்காதீர்கள். அந்தரங்கத் தகவல் என்று அந்தக் கேள்விகளை நிராகரிப்பார்கள், அதைச் சாக்காக வைத்து மற்றதையும் இழுத்தடிப்பார்கள். கடிதத்தின் தேதியைக் கேட்கச் சொல்வது சும்மா இல்லை. அவர் மருத்துவமனையில் இருந்த நாட்களில் தேதியிட்ட பரிந்துரைகள் எத்தனை என்று பார்த்தால் உங்கள் ஊர் தரகரின் தொழில் விவரமும் தெரிந்துவிடும்.

உங்கள் ஊர் பட்டியலில் இல்லை என்றால், கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுத்து, ரசீது எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதே நகலை உங்கள் மக்களவை எம்.பி.க்கும் அனுப்புங்கள். அவருக்கு ஆண்டுக்கு 5 கோடி இருக்கிறது. பலரும் மறந்துவிடும் ஒரு வழி, மாநிலங்களவை உறுப்பினர்கள். தமிழ்நாட்டிலிருந்து 18 பேர் போயிருக்கிறார்கள், மாநிலத்தின் எந்த மூலையில் உள்ள பணிக்கும் அவர்கள் பரிந்துரைக்கலாம். உங்கள் மாவட்டத்துக்காரர் யாராவது அதில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

ஊரில் யாராவது ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டிருந்தால் ஒன்று சொல்லுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளிதான். நெருக்கடிக்குப் பணிந்து கொடுத்திருந்தால், ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ போலீசிடமோ சொல்லிவிட வேண்டும். போலிக் கடிதம் என்று தெரிந்தே அதைக் கலெக்டர் ஆபீசில் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 340வது பிரிவில் மாட்டுவது அதைக் கொடுத்தவர்தான். விற்றவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். இன்னும் கொடுக்கவில்லை என்றால், அவர் கேட்ட தொகையையும் சொன்ன தேதியையும் எழுதி வைத்துக்கொண்டு, பணம் கைமாறுவதற்கு முன்பே மாவட்ட லஞ்ச ஒழிப்பு அலுவலகத்துக்குப் போங்கள்.