மீட்டிங்ல தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு. பல வருஷமா தினமும் குடிக்கிறேன். காலைல கை நடுங்குது, கொஞ்சம் உள்ள போனா தான் நிக்குது. டாக்டர் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பேர் வெளிய தெரியாம குடிநோயாளிகள் ஒண்ணா சேர்ந்து குடியை விடுற குரூப்) மாதிரி ஏதாவதுக்குப் போங்கன்னு சொல்றார். அங்க தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா மானம் போயிடும். எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது, சாமி நம்பிக்கையும் இல்ல. வைஃப் கூட வரேங்கறா. நானே மனசு வச்சா விட முடியாதா? - பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, குரூப் இருக்கட்டும், முதல்ல அந்தக் கை நடுக்கம். நீங்க போற போக்குல எழுதிட்டீங்க, எனக்கு கண்ணு அங்கேயே நின்னுடுச்சு. காலைல ஊத்தினா தான் நடுக்கம் நிக்குதுன்னா உடம்பு அதுக்குப் பழகிடுச்சுன்னு அர்த்தம், இந்த நிலைமைல வீம்புக்கு நாளையிலேருந்து தொடமாட்டேன்னு சட்டுனு நிறுத்தினா ஆபத்து. முதல் ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், அதுக்கப்புறம் நாலாவது நாள் வரைக்கும் சிலருக்கு இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியும், இடம் நேரம் எதுவும் புரியாது, கவனிக்காம விட்டா உயிரே போயிடலாம். அதனால எப்ப, எப்படி நிறுத்தணும்ங்கறதை அந்த டாக்டர் கிட்டயே கேளுங்க, மாத்திரை, தயமின்ங்கற வைட்டமின் எல்லாம் அவர் பாத்துப்பார். குரூப் இதுக்கு மாற்று கிடையாது.

மனசு வச்சா முடியாதான்னு கேக்குறீங்க. காலைல வச்ச மனசு சாயங்காலம் எங்க போகுதுன்னு என்னை விட உங்களுக்குத் தான் நல்லா தெரியும். 2020ல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பாக்குற காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை ஒண்ணா வச்சுப் பாத்துது, பத்தாயிரம் பேருக்கு மேல. ஆளை முறையா ஏஏ பக்கம் சேர்த்து விடுற சிகிச்சைல இருந்தவங்க, மத்த கவுன்சிலிங் சிகிச்சைல இருந்தவங்களை விட அதிகமா ஒரு வருஷம் கழிச்சும் தொடர்ந்து குடிக்காம இருந்தாங்கன்னு வந்துச்சு. எல்லாருக்கும் பலிக்குதுன்னு நான் சொல்லல, ஆனா ஒதுக்கித் தள்ளுற விஷயமும் இல்ல.

தெரிஞ்சவங்க பாத்துட்டா? பாக்கட்டுமே, அவர் அங்க எதுக்கு வந்து உக்காந்திருக்காராம்! உள்ள யாரைப் பாத்தோம்ங்கறதை வெளிய பேசக்கூடாதுங்கறது பேர்லயே இருக்குற விதி, முழுப்பேர் யாரும் கேக்க மாட்டாங்க. பயம் போகலைன்னா உங்க ஏரியாவை விட்டு தள்ளி இருக்குற குரூப்புக்குப் போங்க, இல்ல ஆன்லைன் மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணி உக்காருங்க. ஏஏ வெப்சைட்ல நாடு வாரியா விவரம் இருக்கு, போதை மறுவாழ்வு வார்டுல கேட்டாலும் எங்க எப்போ நடக்குதுன்னு சொல்லிடுவாங்க. ஃபீஸ் கிடையாது, விருப்பப்பட்டவங்க உண்டியல் மாதிரி சுத்தி வர்றதுல ஏதோ போடுவாங்க, போடலைன்னாலும் யாரும் பாக்க மாட்டாங்க. சேர ஒரே தகுதி, குடியை விடணும்ங்கற ஆசை.

பேச வராதுங்கறதை விட்டுத்தள்ளுங்க. ஒருத்தர் பேசுவார், 'என் பேர் இது, நான் ஒரு குடிநோயாளி'ன்னு ஆரம்பிப்பார், நடுவுல யாரும் குறுக்க பேச மாட்டாங்க, அட்வைஸ் பண்ண மாட்டாங்க, முடிஞ்சதும் அடுத்தவர். உங்க முறை வரும்போது 'இன்னைக்கு கேக்க மட்டும் வந்தேன்'னா போதும், பக்கத்துல இருக்குறவர் ஆரம்பிச்சுடுவார். சாமி விஷயம், ஒளிச்சு வைக்க வேண்டாம், குடியை விட ஏஏ சொல்ற வழியான 12 படிகள்ல கடவுள் வருவார், 'நாம் புரிந்துகொண்டபடி'ன்னு ஒரு சலுகையோட. நம்பாதவங்க நிறைய பேர் அந்த குரூப்பையே தங்களை விட பெரிய சக்தின்னு வச்சுக்கிட்டு ஓட்டுறாங்க. அதுவும் ஒத்து வரலைன்னா குடியை விட உதவுற ஸ்மார்ட் ரெகவரின்னு இன்னொரு குரூப் 1994லேருந்து இருக்கு, ஆன்லைன்லயும் நடக்குது, அதுல சாமி பேச்சே கிடையாது.

ஆனா நான் உங்களுக்கு முக்கியமா சொல்ல நினைக்கிறது மீட்டிங் முடிஞ்ச அப்புறம் வர்ற பத்து நிமிஷத்தைப் பத்தி. புதுசா வர்றவங்க கதவு பக்கத்து சேர்ல உக்காந்து, முடிஞ்ச அடுத்த நொடி செருப்பை மாட்டிட்டு ஓடிடுவாங்க, அப்புறம் 'போனேன், ஒண்ணும் செட் ஆகல'ம்பாங்க. ஓடாதீங்க. ரெண்டு பேர் கிட்ட போன் நம்பர் வாங்குங்க, தானாவே குடுப்பாங்க. ஏழு மணிக்கு உள்ள அரிக்க ஆரம்பிக்கும்போது, முதல் கிளாஸுக்கு முன்னாடி அந்த நம்பருக்குப் போடணும், குடிச்சுட்டு போட்டு அழுறதுல பிரயோஜனம் கம்மி. ஏஏ பொறந்ததே அப்படி ஒரு போன்ல தான். 1935 மே மாசம், பின்னாடி ஏஏவை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான பில் வில்சன், வியாபாரம் படுத்துப் போய் அமெரிக்காவுல ஆக்ரன்ங்கற ஊர்ல ஹோட்டல் லாபில நிக்கிறார், ஒரு பக்கம் பார், ஒரு பக்கம் டெலிபோன். குடியை விட்டு சில மாசம் தான் ஆகுது. பாருக்குப் போகாம, எனக்குப் பேச இன்னொரு குடிகாரர் வேணும்னு போன் போட்டுத் தேடினார், அப்படிக் கிடைச்ச இன்னொருத்தர் தான் டாக்டர் பாப் ஸ்மித். பாபோட கடைசி மடக்கு அதே வருஷம் ஜூன் மாசம், அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் திரும்பக் குடிக்கல.

நடுவுல ஒரு நாள் குடிச்சுட்டீங்கன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போறதுன்னு நின்னுடாதீங்க, அடுத்த மீட்டிங்குக்கே போயிடுங்க, அங்க வழுக்காதவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். முதல் மீட்டிங்கை வச்சு முடிவும் பண்ணாதீங்க, ஒரு குரூப் பிடிக்கலைன்னா இன்னொண்ணைப் பாருங்க.

வைஃப் வரேன்னா நல்லது தான், யார் வேணா வரலாம்ங்கற ஓபன் மீட்டிங்னா கூட்டிட்டுப் போங்க, குளோஸ்டு மீட்டிங்ல குடிப்பழக்கம் இருக்குறவங்க மட்டும் தான். அவங்களுக்குன்னே அல்-அனான் இருக்கு, 1951ல ஆரம்பிச்சது, குடிக்கிறவங்களோட குடும்பத்துக்காக. நீங்க போனாலும் போகலைன்னாலும் அவங்க அதுக்குப் போகலாம், உங்க பர்மிஷன் தேவையில்ல, இந்த பக்கத்தை அவங்க கிட்டயும் காட்டுங்க.