துருவக் குளிரில் கமரா பிடிக்கிற கைக்கு எந்தக் கையுறை?

தங்கச்சி, கோயம்புத்தூரிலிருந்து ஒஸ்லோவுக்கு வேலைக்கு வந்து இது உங்கள் முதல் குளிர்காலம், பெப்ரவரியில் ட்றொம்சோவுக்கும் அங்கிருந்து காராஷொக்குக்கும் போய் வடதுருவ ஒளியை, அதாவது அரோராவைப் படம் எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். விரலும் சூடாக இருக்க வேண்டும், கமராவின் பட்டன்களும் கைக்குத் தெரிய வேண்டும், காசும் கனக்கப் போகக்கூடாது, அப்படி ஒரு கையுறை சொல்லுங்கள் அக்கா, பற்றரியில் சூடாகிறதை வாங்கினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

இந்த மூன்றையும் ஒரே கையுறையில் தேடாதீர்கள். பட்டன் தெரிகிற அளவுக்கு மெல்லியது −20இல் சூடு தராது. −20இல் சூடு தருகிறதைப் போட்டுக்கொண்டு டயலைத் திருப்ப முடியாது. உங்களுக்கு வேண்டியது இரண்டு அடுக்கு. உள்ளே தோலோடு ஒட்டிய மெல்லிய கம்பளிக் கையுறை. அதற்கு மேலே, திறந்து மூடக்கூடிய தளர்வான மிட்டன், அதாவது பெருவிரலுக்கு மட்டும் தனி அறையும் மற்ற நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்க ஒரு பெரிய அறையும் உள்ளது. கடையில் ‘வொட்டர்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நான்கு விரலும் ஒன்றின் சூட்டை ஒன்று பிடித்துக்கொண்டு இருப்பதால், அதே தடிப்பில் விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட மிட்டன் எப்போதும் சூடு கூட.

இந்த அடுக்கு முறையை வடக்கில் எங்கள் ஆட்கள் கமராவைத் தொட முதலே பழகினவர்கள். எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழர் கனபேர். நானும் நோர்வே வாழ்க்கையை அங்கேதான் தொடங்கினேன். ஐஸுக்குள் கிடந்த கொட் மீனைப் பிடித்துக் கத்தியால் முள் எடுக்கிற வேலை. வெளியே றப்பர் கையுறை, உள்ளே மெல்லிய துணிக் கையுறை. றப்பர் தண்ணீரை நிறுத்தும், உள்ளே உள்ளது சூட்டைப் பிடித்து வைக்கும், விரல் நுனிக்குக் கத்தியின் பிடியும் தெரியும். உள்கையுறை ஈரமானால் கதை முடிந்தது. இடைவேளைக்குப் போகிற ஒவ்வொருவரும் அதைக் கழற்றி ஹீற்றருக்கு மேலே விரித்துவிட்டு, காய்ந்த சோடியைப் போட்டுக்கொண்டுதான் திரும்பி வருவார்கள். நீங்களும் உள்கையுறை இரண்டு சோடி வாங்குங்கள். ஒன்று கையில், ஒன்று ஜக்கெற்றின் உள்பையில். நடந்து வேர்த்தால் இடத்துக்குப் போனதும் மாற்றுங்கள்.

உள்கையுறை மெரினோ என்கிற மென்மையான ஆட்டுக் கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வேண்டாம், வேர்வையைக் குடித்துவிட்டு அந்த ஈரத்தாலேயே விரலைக் குளிர வைக்கும். கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை விடாது. பழைய காலத்து நோர்வே மீனவர்கள் கம்பளி மிட்டனைக் கைக்கு மிகப் பெரிதாகப் பின்னி, சுடுதண்ணீரில் அடித்துச் சுருங்கவைத்து, கெட்டியான பிறகுதான் கடலுக்குக் கொண்டுபோவார்கள். நனைந்தால் பிழிந்துவிட்டு அதையே போடுவார்கள். ஐஸ்லாந்து மீனவர்களின் மிட்டனில் பெருவிரல் இரண்டு இருக்கும்: உள்ளங்கைப் பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட. ஒரு பொருளை இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்களே என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இனி மேல் மிட்டன். படம் எடுப்பவர்களுக்கென்றே செய்வது இரண்டு விதம். ஒன்றில் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து பின்னால் மடித்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும். நோர்வேயின் வல்லெரெட் இந்த வகையைச் செய்கிறது. மற்றதில் முன்பக்கம் முழுவதும் மடிந்து திறக்கும், உள்ளே விரல் உள்ள மெல்லிய கையுறை; ஆஸ்திரியாவின் ஹீட் கொம்பனி செய்வது இது. இரண்டும் விலை கூடியவை. ட்றொம்சோவுக்கு மட்டும் என்றால் முதல் வகை காணும். நீங்கள் காராஷொக்கும் போவதால் இரண்டாவது வகைதான் என் தேர்வு.

காரணம், இரண்டு இடத்துக் குளிரும் ஒன்றல்ல. ட்றொம்சோ வட அகலாங்கு 69 பாகைக்கு மேலே இருந்தாலும் சூடான கடல் நீரோட்டத்தால் அவ்வளவு உறையாது. பெப்ரவரியில் −5 சாதாரணம், சில நாள் பூச்சியத்துக்கு மேலேயே போய் ஈரப் பனி கொட்டும். அங்கே எதிரி காற்றும் ஈரமும்தான். ட்றொம்சோவுக்குப் பக்கத்தில் குவால்யா தீவில் எர்ஸ்ஃபியோர்ட்பொட்ன் கரையில் எல்லோரும் முக்காலி வைக்கிற இடத்தில், ஃபியோர்டிலிருந்து, அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் கடலிலிருந்து, காற்று நேரே வந்து முகத்தில் அடிக்கும். நொடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் −5 உங்கள் தோலுக்கு −14 போல. −10 என்றால் −20. ஆகவே ‘இர்’ வானிலைச் செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்றையும் பாருங்கள். காராஷொக் உள்நாடு, காற்று குறைவு, ஆனால் தெளிந்த இரவில் −30 ஒன்றும் புதினமில்லை. நோர்வேயில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான −51.4 அங்கேதான் 1886இல் பதிவானது. கரையில் காற்றுப் புகாத வெளித்தோல் வேண்டும், காராஷொக்கில் தடிப்பு வேண்டும். அங்கே வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்கள் கலைமான் தோலில் செய்யும் மிட்டனைப் பார்த்தால் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். கலைமான் மயிருக்குள்ளே வெற்றிடம் இருக்கிறது, அதில் நிற்கிற காற்றுத்தான் குளிரைத் தடுக்கிறது. கமராவுக்கு உதவாது, ஆனால் கையை எப்படி மூட வேண்டும் என்பது அதைப் போட்ட உடனே விளங்கும்.

காசு குறைவென்றால் படக்காரர் மிட்டன் இல்லாமலும் சமாளிக்கலாம். நல்ல மெரினோ உள்கையுறை ஒன்று, அதன் மேல் ஃப்ரெடெக்ஸ் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் கையால் பின்னிய கம்பளி மிட்டன், அதன் மேல் காற்றுப் புகாத பெரிய வெளியுறை. மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டால், மேலே உள்ள இரண்டையும் ஒன்றாகக் கழற்றித் தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் கையை உள்ளே விடலாம். கயிற்றைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். காற்றில் ஒரு மிட்டன் பறந்து ஃபியோர்டுக்குள் போனால் அன்றைய இரவு அதோடு சரி.

உங்கள் கை சின்னதென்றால் பிள்ளைகளின் பகுதியையும் பாருங்கள். பெரிய பிள்ளைகளுக்கான பனிச்சறுக்கு மிட்டன்கள் எங்கள் பெண்கள் பலருக்கு அளவாக இருக்கும், விலையும் குறைவு. கமராவைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். உள்கையுறையைப் போட்டுக்கொண்டே ஷட்டரைப் பாதி அழுத்திப் பாருங்கள், டயலைத் திருப்புங்கள், பற்றரிக் கதவைத் திறங்கள், முக்காலித் திருகை இறுக்குங்கள். பிறகு மிட்டனைப் போட்டுக் கையை வடிவாகப் பொத்துங்கள். விரல் நுனி முன்னால் முட்டினாலோ மணிக்கட்டு இறுகினாலோ ஓர் அளவு பெரிதை எடுங்கள். இறுக்கமான கையுறை இரத்த ஓட்டத்தையும் குறைக்கும், சூட்டைப் பிடிக்க வேண்டிய காற்றுக்கும் இடம் விடாது. மோதிரத்தைக் கழற்றி அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.

எவ்வளவு நல்ல மிட்டன் என்றாலும் உடம்பு குளிர்ந்தால் கை குளிரும். நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற உடம்பு முதலில் விரல்களுக்குப் போகிற இரத்தத்தைத்தான் குறைக்கிறது. படம் எடுக்கிறவர் மணிக்கணக்காக அசையாமல் நிற்கிறவர். பனிச்சறுக்குக்காரருக்குக் காணும் உடுப்பு உங்களுக்குக் காணாது. உள்ளே இன்னொரு கம்பளி, காதை மூடுகிற தொப்பி, வெளிக்கிட முதல் வயிறு நிறையச் சாப்பாடு. அரோரா வராமல் காத்திருக்கும்போது கையைத் தோளிலிருந்து வட்டமாகச் சுழற்றுங்கள், இரத்தம் விரல் நுனிக்கு ஓடி வரும்.

சூட்டுப் பொட்டலங்கள் வாங்குங்கள், அவை நம்பலாம். உள்ளே இருக்கிற இரும்புத்தூள் காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது வருகிற சூடு அது. ஆகவே காற்றுப் படவேண்டும். காரை விட்டு இறங்க கால் மணி நேரம் முதலே உறையைப் பிரித்து வெளியில் வையுங்கள், சூடு வந்த பிறகு மிட்டனுக்குள் விடுங்கள். உள்ளங்கையில் வைத்தால் கமராவைப் பிடிக்க இடைஞ்சல். புறங்கைப் பக்கமோ மணிக்கட்டின் உள்பக்கமோ, உள்கையுறைக்கு மேலே வையுங்கள். வெறும் தோலில் வேண்டாம். பாதியில் அறைக்குத் திரும்பினால் ஸிப் பூட்டு உள்ள பையில் போட்டுக் காற்றை அமத்தி எடுத்து மூடிவையுங்கள், மிச்சச் சூடு அடுத்த இரவுக்கு உதவும்.

பற்றரியில் சூடாகும் கையுறையை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். விரல் தடிப்பு, விலை கூட, பற்றரி தீர்ந்துபோனால் சாதாரணக் கையுறைதான், அதுவும் குளிரில் பற்றரி கெதியாக இறங்கும். குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகிற ரேனோ வருத்தம் உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி, அவர்கள் கட்டாயம் யோசிக்கலாம். வாங்கினால் பற்றரியைக் கழற்றி விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

இனி, கையை வெளியே எடுக்கிற நேரத்தைக் குறைக்கிற வழி. மெனுவுக்குள் செய்யவேண்டியதை எல்லாம் அறையிலேயே செய்துவிடுங்கள்: மனுவல் முறை, ரோ கோப்பு, லென்ஸின் துளை எஃப் 2.8 அல்லது உங்கள் லென்ஸில் உள்ள ஆகத் திறந்தது, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 8 வினாடி, 2 வினாடி டைமர். அங்கே போனதும் ஒரு நட்சத்திரத்தில் குவியத்தைச் சரிபார்த்து, லென்ஸ் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் தொடவேண்டியது வினாடியும் ஐஎஸ்ஓவும்தான், அதை உள்கையுறையோடே செய்யலாம். தொடுதிரைக் கையுறையை நம்பி இருக்காதீர்கள், நுனியில் உள்ள அந்த நூல் கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும். போனில் எடுத்தால் ஒலிப் பட்டனை ஷட்டராக வையுங்கள். முக்காலி அலுமினியம் என்றால் மேல்கால்களில் ஸ்பொஞ்ச் சுற்றுங்கள். −25இல் வெறும் விரலால் உலோகத்தை மட்டும் பிடிக்காதீர்கள், ஒரு திருகைத் திருப்புகிற நேரத்திலேயே தோலுக்குக் கேடு வரும்.

விரல் நோகிற மட்டும் பயமில்லை. நோவு நின்று, நுனி வெளுத்து மெழுகு மாதிரித் தெரிந்து, தொட்டால் தெரியாமல் போனால் உடனே படத்தை விடுங்கள். தேய்க்கவோ பனியால் உரசவோ வேண்டாம். கையை ஜக்கெற்றுக்குள் விட்டு அக்குளில் வைத்தபடி காருக்குப் போங்கள். அறைக்குப் போயும் உணர்வு வராவிட்டால், கொப்புளம் வந்தால், 116117க்கு அடியுங்கள், இரவு மருத்துவரின் இலக்கம் அது. எந்த அரோராவும் ஒரு விரலுக்கு ஈடில்லை.

போக முதல் ஒருநாள் இரவு, ஒஸ்லோவில் நல்ல குளிராக இருக்கும் நாளாகப் பார்த்து, 1ஆம் இலக்க மெட்ரோவில் கடைசி நிறுத்தமான ஃப்ரொங்னெர்செத்தெரனுக்கு ஏறுங்கள். கீழே நகரத்து வெளிச்சம் தெரியும், முக்காலி வைத்து ஒரு மணி நேரம் நில்லுங்கள், பற்றரி மாற்றுவது உட்பட எல்லாவற்றையும் இருட்டில் செய்து பாருங்கள். அங்கேயே விரல் குளிர்ந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே கம்பளி மிட்டன் ஒன்று கூடுதலாகத் தேவை என்று அர்த்தம். அதை வாங்க உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.