பச்சை விளக்கும் ஐம்பது ரூபாயும்

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவந்தேன். சோர்வில் இருப்பவர்களே உலகை உள்ளபடி பார்க்கிறார்கள், மற்றவர்கள் இனிய மயக்கத்தில் வாழ்கிறார்கள் என்று உளவியல் ஆய்வே சொல்வதாக அண்மையில் படித்தேன். புத்தரும் அதைத்தானே சொன்னார்? பெரிய எழுத்தாளர்கள் பலரும் இப்படித்தானே இருந்திருக்கிறார்கள்? பொய்யான நிம்மதிக்கு எதற்கு மாத்திரை என்று மூன்று வாரமாக நிறுத்திவிட்டேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இதைப் பற்றித் தமிழில் நூல்கள் இருந்தால் சொல்லவும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த நேரம் அதிகாலை 3.10. உண்மையைக் கண்டுகொண்டவர் அந்நேரம் தூங்கிக்கொண்டிருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. கோபித்துக்கொள்ளாதீர்கள். 3.10 எனக்கும் பழக்கமான நேரம்தான். அப்போது தோன்றுவதெல்லாம் ஞானம் போலவே இருக்கும்.

புத்தரை விட்டுவிடுங்கள். அவர் சொன்ன உண்மைகள் நான்கு. துன்பம் உண்டு என்ற முதலாவதோடு நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். எழுத்தாளர்களையும் விட்டுவிடுங்கள். சோர்ந்து கிடந்த நாட்களில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

நீங்கள் படித்த ஆய்வு 1979இல் லாரன் அலாய், லின் ஆப்ரம்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்து வெளியிட்டது. ஒரு பொத்தான், ஒரு பச்சை விளக்கு. பொத்தானை அழுத்தலாம், அழுத்தாமலும் விடலாம். விளக்கு எரிவது எந்த அளவுக்கு உங்கள் கையில் இருந்தது என்று கடைசியில் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் தொடர்பே இல்லாதபோதும், விளக்கு அடிக்கடி எரிந்தாலோ, எரிந்தால் காசு கிடைத்தாலோ, சோர்வில்லாதவர்கள் அது தங்களால்தான் என்று நம்பினார்கள். சோர்வுற்றவர்கள் ஏமாறவில்லை. இதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். அவர்களும் ஒரு கேள்வித்தாளின் மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்கப்பட்ட மாணவர்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் அல்லர். 2022இல் வேறு சிலர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை.

கிடைத்திருந்தாலும்தான் என்ன? நான் அறிந்த சோர்வு எந்தக் கேள்வியைக் கேட்டாலும் 'இல்லை' என்றே எழுதும். 'சரியா, தவறா' பகுதியில் எல்லாவற்றுக்கும் 'தவறு' என்று எழுதிவைக்கும் பையனுக்கும் பாதி மதிப்பெண் வருகிறது. அவனைப் படித்தவன் என்று யாரும் சொல்வதில்லை.

1994இல் நான் ஒரு சிற்றூரில் வங்கிக் காசாளர். அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அதனால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் பெட்டகத்தைத் திறக்கும்போதே இன்று பணம் குறையும் என்று தெரிந்துவிடும். 'தோன்றும்' என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள். தெரியும். மேசை நாட்காட்டியின் மூலையில் பென்சிலால் தொகையைக்கூடக் குறித்துவைப்பேன்: 500, 200, 1000. மாலையில் எண்ணுவேன். கிண்ணத்து ஸ்பாஞ்சில் தொட்டுத் தொட்டு விரல்நுனி வெளுத்துச் சுருங்கிவிடும். ஸ்டேப்ளர் பின் அடித்த நூறு நோட்டுக் கட்டுகளைப் பிரித்து மறுபடியும் எண்ணுவேன். கணக்கு நேராக இருக்கும். பெட்டகத்தின் மற்றொரு சாவியை வைத்திருந்த கணக்காளர், "எல்லாம் சரியாக இருக்கிறது சார், பூட்டுவோம். 6.40 பஸ்ஸை விட்டால் எனக்கு எட்டு மணிக்குத்தான்" என்பார்.

நான்கு மாதம். ஒரு நாள்கூட என் பென்சில் கணக்கு பலிக்கவில்லை. மறுநாள் காலை மீண்டும் எழுதுவேன். இதற்குப் பெயரா எதார்த்தம்? உள்ளதை உள்ளபடி பார்க்கிறவன் பத்து நாள் பார்த்துவிட்டுப் பதினோராம் நாள் பென்சிலைக் கீழே வைத்திருக்க மாட்டானா? ஜோதிடர்கூட இரண்டு முறை பொய்த்தால் பரிகாரத்தை மாற்றிச் சொல்வார்!

ஒரே ஒரு நாள் கணக்கு நேராகவில்லை. குறையவில்லை, 50 ரூபாய் கூடியிருந்தது. அப்படியென்றால் யாருக்கோ குறைத்துக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் பத்து மணிக்கு, குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மா ஒருவர் வந்தார். சுருக்குப்பையை அவிழ்த்து, ஐம்பது ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கவுண்டர் பலகையில் வைத்தார். பதினைந்து இருக்க வேண்டும். பதினான்குதான் இருந்தன. "எனக்குக் கண் சரியில்லை தம்பி, பேத்திதான் எண்ணினாள்" என்றார், தவறு தன்னுடையது போல. மாதந்தோறும் என்னிடம் பணம் வாங்குகிறவர். அந்த முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போல இருந்தது. நான்கு மாதமாக எனக்கு வரப்போகும் நட்டத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவன், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவரைப் பார்க்கவில்லை.

அத்தோடு குணமாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அன்று மாலையும் நாட்காட்டியைப் பார்த்தேன். காலையில் 300 என்று எழுதியிருந்தேன். பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவர், தினம் ஒரு மாத்திரை, ஏழு மாதம். மாத்திரை எனக்கு எந்தப் பொய்யையும் சொல்லவில்லை. அப்பா இறந்தவராகவே இருந்தார். தூக்கம் வந்தது, சாம்பாரில் உப்பு தெரிந்தது. பென்சிலில் எழுதுவது எப்போது நின்றது என்று நினைவில்லை. ஆண்டு முடிவில் நாட்காட்டியைக் கழற்றும்போது புரட்டிப் பார்த்தேன். செப்டம்பருக்குப் பிறகு மூலைகள் வெறுமையாக இருந்தன.

நீங்கள் செய்திருப்பது முட்டாள்தனம். மருந்தை நிறுத்துவதாக இருந்தால் அதை எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லி, அவர் சொல்லும் அளவில் குறைத்து நிறுத்துவார்கள்; படித்த ஒரு பக்கத்தை நம்பி யாரும் நிறுத்துவதில்லை. நாளையே அவரைப் போய்ப் பாருங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றிரவும் 3.10 வரும். அப்போது எனக்கு எழுதாமல் 14416ஐ அழையுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச எண், தமிழிலும் பேசுவார்கள்.

நூல்கள் கேட்டிருந்தீர்கள். இப்போது தர மாட்டேன். மருத்துவரைப் பார்த்துவிட்டு, அடுத்த கடிதத்தைப் பகலில் எழுதுங்கள்.