வாய்ட் போட்டும் வாயை மூடாத வார்னிங்

கேள்வி: சி மொழியில் ஒரு சின்ன லாகிங் லைப்ரரி எழுதியிருக்கிறேன். என் உபுண்டு லேப்டாப்பில் -ஓ0 (ஆப்டிமைசேஷன் இல்லாமல்) போட்டு பில்டு செய்தால் ஒரு வார்னிங்கும் வருவதில்லை. அதே கோடு பில்டு சர்வரில் -ஓ2 (ஆப்டிமைசேஷனோடு) உடன் போகும்போது, ஃபைலில் எழுதும் ரைட் ஃபங்ஷனின் ரிட்டர்ன் வேல்யூவைக் கண்டுகொள்ளவில்லை என்று ஜிசிசி கம்பைலர் திட்டுகிறது. அங்கே வார்னிங்கை எரராக எடுத்துக்கொள்ளும் செட்டிங் இருப்பதால் பில்டே நின்றுவிடுகிறது. முன்னால் (வாய்ட்) என்று காஸ்ட் போட்டு, அதாவது 'இந்த வேல்யூ எனக்கு வேண்டாம்' என்று சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. ஆப்டிமைசேஷனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இது கம்பைலரில் இருக்கும் பிழையா (பக்)?

பதில்: பக் என்று நினைத்துக்கொண்டு ஒரு முழு நாளை நானும் இதில் தொலைத்திருக்கிறேன். இங்கே இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒரே நேரத்தில் வந்து குழப்புகின்றன.

முதலில் ஆப்டிமைசேஷன். இந்த வார்னிங்கைத் தேடும் வேலையை ஜிசிசி -ஓ0-விலும் செய்யத்தான் செய்கிறது, ஆனால் அங்கே கண்ணில் படுவதற்கு எதுவும் இல்லை. உபுண்டுவில் வரும் ஜிசிசி, நீங்கள் -ஓ2 கொடுத்தால் கூடுதல் பாதுகாப்புச் சோதனைகளை இயக்கும் ஃபார்ட்டிஃபை சோர்ஸ் என்ற மேக்ரோவைத் தானாகவே டிஃபைன் செய்துகொள்ளும். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் ஹெடர்களில் ரைட், ரீட், சிஸ்டம், செட்யூஐடி போன்ற ஃபங்ஷன்களின் டிக்ளரேஷனில் ஒரு குட்டி மேக்ரோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபார்ட்டிஃபை இருந்தால் அது 'வார்ன் அன்யூஸ்டு ரிசல்ட்' என்ற ஆட்ரிப்யூட்டாக (கம்பைலருக்கான குறிப்பாக) விரியும், இல்லாவிட்டால் வெறும் காலி. ஆக, உங்கள் லேப்டாப்பில் அந்த ஆட்ரிப்யூட் கம்பைலரின் கைக்கே போய்ச் சேரவில்லை. நம்பிக்கை இல்லையென்றால் ப்ரீபிராசஸ் மட்டும் செய்யும் -ஈ ஆப்ஷனை -ஓ0, -ஓ2 இரண்டோடும் கொடுத்து, வரும் அவுட்புட்டில் ரைட்டின் டிக்ளரேஷனைத் தேடிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். மெமரியின் அளவை மாற்றும் ரீஅலாக்குக்கு மட்டும் இந்த நிபந்தனை கிடையாது, அதற்கு ஆட்ரிப்யூட் எப்போதும் உண்டு. அதன் ரிட்டர்ன் வேல்யூவைத் தொலைப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இருக்க முடியாது என்பதால் அது சரிதான். பிரிண்ட்எஃப், குளோஸ் இரண்டுக்கும் போடவில்லை. போட்டிருந்தால் உலகத்தில் பாதி புரோகிராம் அலறும்.

சரி, வாய்ட் ஏன் வேலை செய்யவில்லை? இதற்கு அந்த ஆட்ரிப்யூட் எங்கே போய் உட்காருகிறது, அதை யார் எப்போது எடுத்துப் படிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கோடை முதலில் படிக்கும் பார்ஸர் ஆட்ரிப்யூட்டைப் பார்த்ததும் தனக்குத் தெரிந்த பெயர்களின் பட்டியலில் தேடும். எழுத்துப்பிழை இருந்தால் 'இதை விட்டுவிட்டேன்' என்று ஒரு வார்னிங் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பெயர் கிடைத்தால், அந்த டிக்ளரேஷனுக்கோ அதன் டைப்புக்கோ ஆன நோடில் மாட்டிவைக்கும். நம்முடைய ஆட்ரிப்யூட் ஃபங்ஷனின் டைப்பில் மாட்டப்படுகிறது. இதனால் ஒரு பக்கவிளைவு உண்டு: ஆட்ரிப்யூட் இல்லாமல் டிக்ளேர் செய்த ஃபங்ஷன் பாயின்டர் வழியாக அதே ரைட்டைக் கூப்பிட்டால் சத்தமே வராது, ஏனென்றால் கம்பைலர் பார்ப்பது பாயின்டரின் டைப்பை. லாகிங் லைப்ரரி என்றால் இப்படிப் பாயின்டர் வழியாகக் கூப்பிடும் கால்பேக் நிறைய இருக்கும், அதனால் வார்னிங் வரவில்லை என்பதை வைத்து எல்லா இடத்திலும் செக் செய்துவிட்டோம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

அப்புறம் ஜிசிசி உங்கள் கோடை ஜிம்பிள் என்ற உள்வடிவத்துக்கு மாற்றுகிறது. பெரிய எக்ஸ்பிரஷன்களைச் சின்னச் சின்ன ஸ்டேட்மென்ட்களாக உடைக்கும் கட்டம் அது. (வாய்ட்) போட்டுக் கூப்பிட்டாலும் போடாமல் கூப்பிட்டாலும் அங்கே கிடைப்பது ஒன்றேதான்: ரிசல்ட்டை வாங்கிக்கொள்ள இடது பக்கம் எதுவும் இல்லாத ஒரு கால் (ஃபங்ஷன் அழைப்பு). இதற்குப் பிறகுதான் வார்னிங்குக்கான தனி பாஸ், அதாவது கோடு முழுவதையும் பார்க்கும் ஒரு சுற்று, ஓடுகிறது. ஒவ்வொரு காலாகப் பார்த்து, இடது பக்கம் காலியா, டைப்பில் ஆட்ரிப்யூட் இருக்கிறதா என்று கேட்கும், இரண்டும் ஆமாம் என்றால் வார்னிங். உங்கள் வாய்ட்டை அது பார்த்துவிட்டு அலட்சியம் செய்யவில்லை, அது வந்து சேரும்போது வாய்ட் அழிந்தே போயிருக்கிறது.

கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் இதே சோதனையை முன்கட்டத்திலேயே, சின்டாக்ஸ் மரத்தில் காஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கும்போது செய்துவிடுகிறது, அதனால் அங்கே வாய்ட் செல்லும். இன்னும் வேடிக்கை, சி++17-இல் வந்த நோடிஸ்கார்டு ஆட்ரிப்யூட்டை ஜிசிசியும் முன்கட்டத்தில்தான் பார்க்கிறது, வாய்ட்டை மதிக்கவும் செய்கிறது. ஒரே கம்பைலர், கிட்டத்தட்ட ஒரே பொருளுள்ள இரண்டு ஆட்ரிப்யூட், இரண்டு விதமான நடத்தை! ஜிசிசியின் பக் பட்டியலில் 66425 என்ற எண்ணில் 2015-இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள், அதன் கீழே நடந்திருக்கும் வாதத்தைப் பொழுதுபோகாத நாளில் படிக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. ரைட்டை நிஜமாகவே அலட்சியம் செய்யலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டதைவிடக் குறைவான பைட்களை எழுதிவிட்டுத் திரும்ப அதற்கு உரிமை உண்டு, டிஸ்க் நிரம்பியிருக்கலாம், நடுவில் சிக்னல் வந்திருக்கலாம். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் புது கான்ஃபிக் ஃபைலை எழுதி, பழையதன் மேல் ரீநேம் செய்யும் கோடு ஒன்று இருந்தது. ரைட் தோற்றதா என்று யாரும் பார்க்கவில்லை. டிஸ்க் நிரம்பிய ராத்திரியில் நல்ல கான்ஃபிக் இருந்த இடத்தில் 0 பைட் ஃபைல் உட்கார்ந்திருந்தது. ஆகவே முழுவதும் எழுதி முடிக்கும்வரை லூப்பில் சுற்றி, தோற்றால் திருப்பிச் சொல்லும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே கூப்பிடுங்கள். உங்கள் வார்னிங்கில் முக்கால்வாசி இதிலேயே போய்விடும்.

புரோகிராம் சாகும் நேரத்தில் ஸ்டாண்டர்ட் எரரில் கடைசி வரி எழுதுவது போன்ற இடங்களில், தோற்றாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. அங்கே வாய்ட்டுக்கும் ரைட்டுக்கும் நடுவில் ஒரு ஆச்சரியக்குறி போடுங்கள். ரிசல்ட்டை எடுத்து 'நாட்' செய்ய வேண்டியிருப்பதால் அது ஒரு தற்காலிக மாறியில் போய் விழும், இடது பக்கம் நிரம்பிவிடும், ஜிசிசி அமைதியாகிவிடும். பார்க்க அசிங்கம்தான், ஒரே ஒரு இடத்தில் ஒளித்துவைத்து மேலே கமென்ட் எழுதிவிடுங்கள். வெறும் மாறியில் வாங்கிவைத்தால், பயன்படாத மாறி என்று அடுத்த வார்னிங் கிளம்பும், அந்த மாறியை வாய்ட் செய்தால்தான் அதுவும் அடங்கும். கோடுக்குள்ளேயே கம்பைலருக்குக் கட்டளை கொடுக்கும் பிராக்மா போட்டு அந்த இரண்டு வரிக்கு மட்டும் வார்னிங்கை அணைப்பதும் நடக்கும். ஜிம்பிள்வரை போனாலும் ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டும் தன்னுடைய சோர்ஸ் வரி எண்ணைச் சுமந்துகொண்டுதான் போகிறது, வார்னிங் வரும்போது அந்த இடத்தில் எந்த பிராக்மா அமலில் இருந்தது என்று பார்த்துக்கொள்வார்கள்.

புராஜெக்ட் முழுவதற்கும் இந்த வார்னிங்கை அணைத்துவிடாதீர்கள், ரீஅலாக்கும் அதோடு சேர்ந்து போய்விடும். இன்றைக்கே ரிலீஸ் செய்தாக வேண்டும் என்றால் இந்த ஒன்றை மட்டும் எரர் ஆக்காமல் வார்னிங்காகவே விடும்படி சர்வரில் மாற்றிவைத்து, அடுத்த வாரத்துக்குள் சரிசெய்யுங்கள். லேப்டாப்பிலும் நாளுக்கு ஒரு முறையாவது -ஓ2 பில்டு ஓட்டுங்கள். அப்படியே உங்கள் லைப்ரரியின் லாக் திறக்கும் ஃபங்ஷனிலும் இதே ஆட்ரிப்யூட்டைப் போட்டுவிடுங்கள், ஹெடரில், டிக்ளரேஷனிலேயே. டெஃபினிஷனில் மட்டும் போட்டால் அந்த ஹெடரை இன்க்ளூட் செய்பவர்களின் கம்பைலருக்கு அது தெரியவே தெரியாது.