ஊசி போட்டும் கோழி சாகிறதே?

கேள்வி: பிப்ரவரி முகாமில் என் 40 நாட்டுக்கோழிகளுக்கும் கழிச்சல் ஊசி போட்டேன். இப்போது 9 செத்துவிட்டன. சில கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கின்றன. அவித்த மரச்சீனிக் கிழங்கு, ரேஷன் அரிசி, தேங்காய்ப் புண்ணாக்குதான் தீனி. மருந்துக்கடைக்காரர் எதிர்ப்புச் சக்தி டானிக் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா ஐயா?
(திருவட்டாறு பக்கத்து வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. கழுத்துத் திருகல் என்றால் வெள்ளைக் கழிச்சலாகத்தான் தெரிகிறது. வந்தபின் அதற்கு மருந்தே கிடையாது. கடைக்காரர் குப்பியில் மட்டும் எங்கிருந்து வரும்? சீக்குக் கோழியைத் தனியே அடையுங்கள், எதையும் விற்காதீர்கள். அடுத்து ஒன்று செத்தால் உடனே கால்நடை மருந்தகத்தில் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செத்தவை முகாமுக்குப் பின் பொரித்தவையா, அதாவது ஊசியே படாதவையா என்றும் யோசியுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது தீனியைப் பற்றி. ஊசி போட்டால் போதுமா, கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளைச் செய்வது கோழியின் உடம்பல்லவா? வெள்ளை மரச்சீனியிலும் அரிசியிலும் கரோட்டின் இல்லையென்றே சொல்லலாம். கீரையின் கரோட்டின் வைட்டமின் ஏ ஆகி, அதிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் உண்டாகிறது. அது செல்லின் உட்கருவிலுள்ள ஏற்பி என்ற, சேதி வாங்கும் புரதத்தில் ஒட்டி மரபணுக்களை முடுக்குகிறது. நோயை எதிர்க்கும் காவல் அணுக்கள் குடலுக்குப் போய்ச் சேர்வதே அந்த உத்தரவில்தான். அறுக்கும்போது உணவுக்குழாயையும் பிளக்கச் சொல்லுங்கள். உள்சுவரில் குண்டூசித் தலையளவு வெள்ளைக் கொப்புளங்கள் இருந்தால் வைட்டமின் ஏ பற்றாக்குறையைச் சந்தேகிக்கலாம். முருங்கை இலை வேலியிலேயே நிற்கிறது. தினமும் பச்சையாகப் போடுங்கள், வெயிலில் காயவைத்தால் கரோட்டின் குறைந்துவிடும்.

வடசேரிச் சந்தையில் கழித்துப்போடும் முட்டைகோஸ் இலையையும் நான் விடமாட்டேன். அதிலுள்ள இண்டோல் பொருள்கள் அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்ற இன்னொன்றைத் தட்டுகின்றன. அவை இல்லாத தீனி தின்ற எலிகளுக்குக் குடற்சுவரின் காவல் அணுக்கள் குறைந்ததை 2011-இல் கண்டார்கள். கோழிக்கும் அந்த ஏற்பி உண்டு. பிளாஸ்டிக் எரிந்தால் வரும் டையாக்சின் என்ற நச்சும் அதே ஏற்பியில்தான் ஒட்டும். ஆனால் எதிர்ப்பை அமுக்கிவிடும். கொசுவுக்குப் புகை போடும்போது தேங்காய்த் தொண்டோடு பிளாஸ்டிக் பையையும் சேர்த்து எரிக்கும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கூட்டுப் பக்கம் அது கூடவே கூடாது.

புண்ணாக்கைக் கையில் உடைத்துப் பாருங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் தரையில் கிடக்கும் மூட்டை பூசணம் பிடிக்காமல் இருக்காது. பூசணம் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு ஊசியின் பலனையே குறைக்கும்; வெயிலில் போட்டாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. சிக்கு வாடை அடித்தால் குழியில் போட்டு மூடுங்கள். மாட்டுக்கும் வேண்டாம், பாலில் இறங்கும். டானிக் காசில் ஒரு பலகை வாங்கிப் புது மூட்டையை அதன்மேல் வையுங்கள்.