மானியம் வரவில்லையாம், இல்லத்தை விட்டுப் போகச் சொல்கிறார்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு மார்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலிதான். அண்ணன் வீட்டில் ஓர் அறைக்குள்ளேயே ஆறு வருடம் கிடந்தேன். பிறகு ஒரு டிரஸ்ட் நடத்தும் இல்லத்துக்கு வந்தேன், நான்கு வருடமாகிறது. ஒன்பது பெண்கள் இருக்கிறோம். எழுப்பி உட்காரவைக்க, குளிக்கவைக்க, வெளியே கூட்டிப்போக உதவியாளர்கள் இருந்தார்கள். இங்கிருந்தபடியே கணினியில் கொஞ்சம் சம்பாதிக்கிறேன். அரசு மானியத்தில் நடக்கும் இல்லம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். இப்போது ஐந்து மாதமாக மானியம் வரவில்லை என்கிறார்கள். நான்கு உதவியாளர்களில் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். இரவில் ஆளே இல்லை. அதனால் மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிக்க வேண்டாம் என்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்டு, முடியாவிட்டால் அண்ணனை வரச்சொல்லி அனுப்பிவைக்கிறோம் என்றும் பேச்சு. கணக்கைக் கேட்டால், "இது தனியார் டிரஸ்ட், உனக்கு எதற்குக் கணக்கு?" என்கிறார்கள். எங்கள் எல்லோருடைய ஏ.டி.எம். கார்டும் அலுவலக அறையில்தான் இருக்கிறது. புகார் கொடுக்கலாம். கொடுத்து, இல்லத்தையே மூடிவிட்டால் நாங்கள் எங்கே போவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

உங்கள் பயம் வீண் பயம் அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கிருந்த காப்பகங்களை அரசு மூடியது. இருந்தவர்களை அரசுப் பராமரிப்புக்கும் வீடுகளுக்கும் அனுப்பியது. கண்காணிப்பே இல்லாமல் பல வருடம், பிறகு ஒரே வாரத்தில் பூட்டு. நம் ஊரில் கண்காணிப்பு என்றால் இந்த இரண்டு முனைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இலும் அந்தச் சாயல் இருக்கிறது. 50ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தக்கூடாது. விதிகளை மீறினால் 52ஆவது பிரிவின்படி பதிவை ரத்து செய்யலாம். ரத்தானால், அங்கிருப்பவர்களைப் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, சட்டப்படியான காப்பாளர் ஆகியோரில் ஒருவரிடம் ஒப்படைக்கவோ வேறு நிறுவனத்துக்கு மாற்றவோ அதிகாரி உத்தரவிடலாம். ஒப்படைப்பது! வயது வந்த, சம்பாதிக்கிற ஒரு பெண்ணை ஏதோ கண்டெடுத்த பொருளைப்போல. இந்த வாசகத்தை எழுதியவர்களுக்கும், அதே சட்டத்தின் 5ஆவது பிரிவை எழுதியவர்களுக்கும் பேச்சுவார்த்தையே இருந்திருக்காதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 5ஆவது பிரிவு, சமூகத்தில் வாழ்வது உங்கள் உரிமை என்கிறது. குறிப்பிட்ட ஒரு ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லாதபடியும், தனிப்பட்ட உதவியாளர் உட்படத் தேவையான சேவைகள் உங்களுக்குக் கிடைக்கும்படியும் அரசு முயல வேண்டும் என்கிறது. உங்கள் அண்ணன் உங்கள் காப்பாளரும் அல்ல. நீதிமன்றமோ உரிய அதிகாரியோ அப்படி யாரையும் நியமித்ததாக நீங்கள் எழுதவில்லை. அவரை வரவழைத்து உங்களை அனுப்பிவைக்கும் அதிகாரம் நிர்வாகிக்குக் கிடையாது.

ஆகவே உங்கள் மனு "நடவடிக்கை எடுங்கள்" என்று முடியக்கூடாது. பதிவை ரத்து செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை, இல்லம் தொடர்ந்து நடக்க வேண்டும், உதவியாளர்களை மறுபடி அமர்த்தவும் கணக்கை ஆய்வு செய்யவும் உத்தரவிட வேண்டும், எந்த முடிவானாலும் எங்களைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். பதிவை ரத்து செய்வதென்றாலும் எடுத்த எடுப்பில் முடியாது. விசாரணை நடத்தி நிர்வாகத்திடம் விளக்கம் கேட்க வேண்டும். அதற்குமேல் மேல்முறையீடும் உண்டு.

கணக்குக்கு வருமுன் இரண்டு விஷயம். இவை இந்த வாரமே நடக்க வேண்டும்.

கடிதத்தில் தண்ணீரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இருப்பதிலேயே பெரிய விஷயம் அதுதான். மாற்றுத்திறனாளி ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், தெரிந்தே அவருக்கு உணவோ நீரோ மறுத்தால் 92ஆவது பிரிவின்படி குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. "குடிக்க வேண்டாம்" என்று சொன்னதே இந்தக் குற்றமாகிவிடுமா என்று வாதாடலாம். ஆனால் இரவில் ஆள் வைக்காமல் அப்படிச் சொன்னார்கள் என்பது எழுத்தில் பதிவாக வேண்டும். என்றைக்கு, யார், என்ன சொன்னார்கள் என்று தேதியோடு இன்றிலிருந்து குறித்து வையுங்கள். நிலைமை மோசமானால் 7ஆவது பிரிவின்படி நிர்வாக நடுவரிடம் (தாசில்தார், கோட்டாட்சியர் போன்றவர்கள்) நீங்களோ உங்களுக்காக வேறு யாருமோ தகவல் கொடுக்கலாம். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். உங்களைப் போன்றவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எவ்வளவு ஆபத்து என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

அடுத்தது ஏ.டி.எம். கார்டு. உங்கள் பணத்தை நீங்களே நிர்வகிக்கும் உரிமையை 13ஆவது பிரிவு தருகிறது. வங்கிக்கு ஃபோன் செய்து பழைய கார்டை முடக்கிப் புதிது வாங்குங்கள். கணக்கு அறிக்கையையும் வாங்கிப் பாருங்கள். நீங்கள் அறியாமல் பணம் எடுக்கப்பட்டிருந்தால் அது பாரதிய நியாய சம்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 316ஆவது பிரிவில் வரும் நம்பிக்கை மோசடி. அது தனியாக ஒரு காவல்துறைப் புகார். மானியப் பிரச்சினையோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

இனி மானியம். நிர்வாகி சொல்வது பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மானியம் தாமதமாக வருவது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வேதனை. கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்கிற நல்ல டிரஸ்ட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் "வரவில்லை" என்பதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அது காகிதத்திலும் இருக்கும். முன்பு வாங்கிய தொகையைச் சொன்ன வேலைக்கே செலவிட்டோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கை செய்த கணக்கும் கொடுக்காவிட்டால் அடுத்த தவணையை விடமாட்டார்கள். அந்தச் சான்றிதழை யார் கொடுக்கவில்லை, அல்லது கொடுத்தும் எந்த மேசையில் கிடக்கிறது? தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

முதலில் இல்லத்தின் சுவரைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழின் நகலைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தால் கைப்பேசியில் படமெடுத்து, அது எதுவரை செல்லும் என்று பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 55ஆவது பிரிவு, பதிவு பெற்ற நிறுவனங்களுக்குத்தான் அரசு நிதியுதவி தரலாம் என்கிறது. சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் உங்கள் ஐந்து மாத மர்மம் அங்கேயே விடுபடக்கூடும்.

பிறகு தகவல் உரிமைச் சட்டம். "தனியார் டிரஸ்ட்" என்ற பதில் பாதிதான் சரி. அரசு நிதியில் கணிசமாக இயங்கும் தொண்டு நிறுவனமும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பொது அதிகார அமைப்பே என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் எது கணிசம் என்ற சண்டையில் இறங்கினால் ஒரு வருடம் போய்விடும். டிரஸ்ட்டைக் கேட்காதீர்கள், பணம் கொடுத்தவரைக் கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. மத்திய அரசின் தீன்தயாள் மறுவாழ்வுத் திட்டத்தில் வந்த பணமாக இருக்கலாம் என்று தோன்றினால், தில்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறைக்கும் ஒன்று. அலுவலகம் தவறிப்போனாலும், உரிய இடத்துக்கு 5 நாளில் மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. 30 நாளில் பதில் வர வேண்டும்.

கேள்விகளைப் பொதுவாகக் கேட்காதீர்கள். "மானிய விவரம் தருக" என்றால் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கடைசி மூன்று ஆண்டுகளின் மானிய ஒப்புதல் ஆணைகள், பணம் விடுவித்த தேதிகள், டிரஸ்ட் கொடுத்த பயன்பாட்டுச் சான்றிதழ்களின் நகல், ஆய்வு அறிக்கைகள், தவணை நிறுத்தப்பட்டிருந்தால் அது குறித்த கடிதப் போக்குவரத்து என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முக்கியமாக, மானியம் கோரும்போது காட்டிய பயனாளிகளின் எண்ணிக்கையையும் பணியாளர்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள். தாளில் பதினைந்து பயனாளிகளும் ஆறு உதவியாளர்களும் இருந்து, தரையில் ஒன்பதும் இரண்டுமாக இருந்தால் அதற்குமேல் வக்கீல் தேவையே இல்லை. உடன் இருப்பவர்களின் மருத்துவ விவரங்களைக் கேட்காதீர்கள்; தரமாட்டார்கள், தரவும் கூடாது.

இந்தக் காகிதங்கள் கைக்கு வந்ததும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போங்கள். மாநில அரசு கொடுத்த நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி அவர் பணி. பணம் மத்திய அரசுடையது என்றால் தலைமை ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. சட்டப்படி காட்ட வேண்டிய கணக்கைக் காட்டாவிட்டால் 93ஆவது பிரிவில் 25,000 ரூபாய் வரை அபராதம். உங்களிடம் "எதற்குக் கணக்கு" என்றவர் அங்கே அப்படிச் சொல்ல முடியாது.

ஆணையரிடம் அதிகம் எதிர்பார்த்துவிடவும் வேண்டாம். அவர் தருவது பரிந்துரை. அதை ஏற்று நடந்ததையோ, ஏற்காததன் காரணத்தையோ அதிகாரிகள் 3 மாதத்துக்குள் சொல்ல வேண்டும். ஏற்காவிட்டால் உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். தவிர, துறை அதிகாரியே ஆணையர் பொறுப்பையும் கூடுதலாகப் பார்ப்பது பல மாநிலங்களில் நடக்கிறது. பணம் கொடுப்பவரே அதைக் கண்காணிப்பவரும் என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி முட்டி நின்றால் அடுத்த இடம் உயர் நீதிமன்றம். துறையையும் டிரஸ்ட்டையும் சேர்த்து ரிட் மனு.

வெளியேற்றுவோம் என்ற மிரட்டலில் உங்கள் சட்டப் பிடி நீங்கள் நினைப்பதைவிடச் சற்றுப் பலவீனம். நீங்கள் வாடகைதாரர் இல்லை. வாடகைச் சட்டம் உதவாது. எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா என்று தேடுங்கள். சேர்க்கைப் படிவம்கூடப் போதும். உங்கள் உண்மையான பிடி மானிய நிபந்தனையில் இருக்கிறது: உங்களைப் பயனாளி என்று காட்டி வாங்கிய பணத்துக்கு, உங்களிடமே கட்டணமும் கேட்க அந்த ஒப்புதல் ஆணை இடம் தருகிறதா? அது தெரியும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். கட்டணம் வாங்கினால் நுகர்வோர் ஆணையமும் உங்களுக்குத் திறக்கும். டிரஸ்ட் அதை யோசித்துப் பார்த்திருக்காது.

இல்லத்தைச் சாராத ஒரு வழியும் உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ளவர், தனக்கு அதிக ஆதரவு தேவை என்று 38ஆவது பிரிவில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு வாரியம் பரிசோதித்து, எந்த வகை உதவி வேண்டும் என்று அறிக்கை தரும். அதன்படி நடவடிக்கை எடுப்பது அதிகாரியின் கடமை. அரசுத் திட்டங்களுக்கு உட்பட்டு என்ற வால் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த அறிக்கை உங்கள் பெயரில் இருக்கும், டிரஸ்ட்டின் பெயரில் அல்ல. நாளை வேறு வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும். மானியம் கட்டிடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை, அந்தக் கட்டிடத்தின் நிர்வாகிக்கு நீங்கள் பயப்பட வேண்டியிருக்கும்.

வக்கீல் செலவுக்குக் கவலைப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். மனுவில் முடிந்தால் ஒன்பது பேரும் கையெழுத்திடுங்கள், கைரேகையும் செல்லும். ஒருவர் மட்டும் போட்டால் அவரைத்தான் முதலில் அனுப்பப் பார்ப்பார்கள். விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) பதிவு வசதியோடு அனுப்பி, ஒப்புகை இல்லத்து முகவரிக்கு வராமல் வெளியே நம்பிக்கையான ஒருவரின் முகவரிக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.